மறைவு காணவில்லை

தம்பி,

நீ அனுப்பிய வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. என் மருமகள் ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் காட்டுகிறாள். படம் இல்லாத அட்டை, வெறும் எழுத்து. 'கிளி' என்கிறாள் குழந்தை. 'மாடு' என்கிறாள். 'வாழை' என்பதில் அந்த ழகரம்கூட வழுக்காமல் வருகிறது. நீ செல்போனைப் பிடித்துக்கொண்டே "சபாஷ்" என்று கத்துகிறாய். வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தாய்: "மூணாம் வகுப்பு வரைக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாம நான் பட்ட அசிங்கம் என் பிள்ளைக்கு வேணாம்மா. ஸ்கூல் போறதுக்கு முன்னாடியே இவ பேப்பர் படிப்பா, பாரு." நான் ஒரு கும்பிடு படத்தை மட்டும் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீ கோபித்துக்கொண்டிருப்பாய். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் சொல்லியிருப்பேன். அதனால்தான் நோட்டுத்தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன்.

நீ மந்தமான பிள்ளை இல்லை. ஒரு வயது ஐந்து மாதத்தில் வாசிக்கத் தொடங்கியவன் நீ. இரண்டு வயதில் உனக்கு வாசிக்கத் தெரியாத தமிழ்ச் சொல் எதுவும் நம் தெருவில் இல்லை. இதை உன்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் உன்னை மக்கு என்றபோதும் வாயைத் திறக்காமல் இருந்தேன். நீ படப்போகும் கோபம் நியாயமானது. ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

சின்னமனூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நமக்கு டிசைன் கடை இருந்ததே, அது நீ பிறந்த வருஷம் தொடங்கியது. நான் தேனியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். மேலே படிக்க வைக்க என் வீட்டில் ஆளில்லை, அந்த ஆறு மாதத்தையே பட்டம் போல வைத்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் பிடிப்பதும், தேனி பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய் அச்சடித்து வருவதும் உன் அப்பா. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நான். அப்போது பிளக்ஸ் நம் பக்கம் வரவில்லை, எல்லாம் காகிதப் போஸ்டர்தான். கல்யாணமும் காதுகுத்தும் முகூர்த்த மாதங்களில் மொத்தமாக வரும். இறந்தவர்களுக்கான போஸ்டருக்கு மாதம் கிடையாது. கம்பத்திலிருந்து தேனி வரை எந்த ஊரில் யார் இறந்தாலும், மதியத்துக்குள் சுவரில் படம் ஒட்டியாக வேண்டும். அதனால் நான் அதிகம் அடித்த சொற்கள் எவை என்று கேட்டால், கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு, அவ்வளவுதான். உன்னை விட்டுவிட்டு வர வீட்டில் யாரும் இல்லாததால் நீ என் மடியிலேயே இருந்தாய். நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் திரையில் உன் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நிற்கும். நீ அழமாட்டாய், நெளியமாட்டாய். திரையையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஒருநாள் போடியிலிருந்து வந்த ஒருவருக்காக போஸ்டர் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை நீ ஒரு சொல் பேசியதில்லை. அம்மா என்றும் சொன்னதில்லை, அப்பா என்றும் சொன்னதில்லை. திடீரென்று உன் விரல் எழுந்து திரையைத் தொட்டது. "கண்ணீர்" என்றாய். மழலை கொஞ்சமும் இல்லை. ணகரத்தை நாக்கு மடித்துச் சொன்னாய். ஆர்டர் கொடுக்க வந்தவர், செத்துப்போன தன் அண்ணனை மறந்து உன்னைப் பார்த்தார். "ஏத்தா, இது என்ன பச்சப்புள்ளையா, வேற எதுவுமா?" என்றார். அவர் குரலில் இருந்தது ஆச்சரியம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். என் பிள்ளை படித்துவிட்டான் என்று நான் உன்னைத் தூக்கிச் சுற்றினேன். உன் முகம் மட்டும் திரையின் பக்கமே திரும்பித் திரும்பிப் போனது.

அன்றோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வீணாய்ப்போன போஸ்டர்களை வெட்டி, எழுத்து எழுத்தாக வீட்டுச் சுவரில் ஒட்டினேன். சோறு ஊட்டும்போது எழுத்தைச் சொன்னால்தான் அடுத்த வாய். தம்பி, இதை எழுதக் கை கூசுகிறது. சொல்லாத அன்று கிண்ணத்தை எடுத்து மேலே வைத்திருக்கிறேன். நீ பசியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "புள்ளைய என்னத்துக்கு இப்படிப் போட்டுப் படுத்துற? அது பாட்டுக்கு வளரட்டும்" என்று உன் அப்பா சொன்னார். "நான் படிக்காததை என் பிள்ளை படிக்கிறான், உங்களுக்கு ஏன் எரியுது?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உனக்கு எழுத்து வந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. தாகம் எடுத்தால் கேட்கமாட்டாய். தண்ணீர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன், அதை எடுத்து வந்து வாசித்தாய். அதில் எனக்குப் பெருமை. பசி என்று ஒரு சீட்டு, தூக்கம் என்று ஒரு சீட்டு. பீரோ, கதவு, பானை எல்லாவற்றிலும் அதனதன் பெயரை ஒட்டினேன். அம்மா என்று எழுதிய சீட்டை என் கையில் வைத்துக்கொண்டு காட்டுவேன். "அம்மா" என்பாய். அந்தச் சொல்லை உன் வாயால் கேட்கிற ஆசையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை காட்டியிருப்பேன்.

ஒருநாள் காலையில் கை வேலையாக இருந்ததால் அந்தச் சீட்டை பீரோக் கதவில் ஒட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் "அம்மா, அம்மா" என்று கேட்டது. நான் காட்டாமல் நீயாகக் கூப்பிட்ட முதல் தடவை. ஓடி வந்தேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீரோ முன்னால் நின்று, தலையை நிமிர்த்தி, அந்தக் கதவைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். பின்னால் நின்று உன் பெயரைச் சொன்னேன். திரும்பவில்லை. கைதட்டினேன். திரும்பவில்லை. முன்னால் போய், பீரோவை மறைத்தபடி உட்கார்ந்து, "இந்தாடா, அம்மா இங்கன இருக்கேன்" என்றேன். நீ என் தோளில் கையை வைத்து, ஒரு நாற்காலியை நகர்த்துவது போல என்னை நகர்த்தினாய். பிறகு பீரோவைப் பார்த்து "அம்மா" என்றாய். அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை வைத்தாய்.

எந்தத் தாயும் அந்த இடத்தில் பயந்து நிறுத்தியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சீட்டைப் பிய்த்து, ஊக்கு வைத்து என் சேலைத் தோளில் குத்திக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே திரிந்தேன். கடைக்கு வந்தவர்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். குளித்துவிட்டு சீட்டைக் குத்தாமல் வந்த நாளில், வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டது போல நீ என்னைப் பார்த்துவிட்டு, அறை அறையாகப் போய் என்னைத் தேடினாய். நான் உன் பின்னாலேயே வந்தேன்.

இது இப்படி இருக்க, கடையில் உன் புகழ் பரவியது. வருகிறவர்கள் பில்லைக் காட்டுவார்கள், பஸ் டிக்கெட்டைக் காட்டுவார்கள், எல்லாவற்றையும் வாசிப்பாய். நம் கடைக்கு எதிரே செல்லப்பாண்டி என்று ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். உன்மேல் உயிர். தினமும் ஒரு பன்னை எடுத்துக்கொண்டு வந்து உனக்குக் கொடுப்பார். அவர் கடைக்கு மேலே அவர் பெயரைப் பெரிதாக எழுதிய போர்டு. ஒருநாள் அந்த போர்டுக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தபோது, நீ நம் கடைப் படியில் நின்று அவரைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். "கண்ணீர் அஞ்சலி. செல்லப்பாண்டி. தோற்றம்." கொஞ்ச நேரம் அவர் நெஞ்சைக் கூர்ந்து பார்த்தாய். "மறைவு காணவில்லை."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "ஏலே, எனக்கே போஸ்டர் போட்டுட்டான்டா!" என்று செல்லப்பாண்டியும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் காரணம் தெரியும். உனக்கு ஒரு முகம், அதோடு ஒரு பெயர் சேர்ந்து இருந்தால் அது போஸ்டர்தான். போஸ்டர் என்றால் தோற்றமும் இருக்க வேண்டும், மறைவும் இருக்க வேண்டும். ஆள் காணாமல் போனால் ஒட்டுகிற நோட்டீஸும் நம் கடையில்தான் அடித்தோம், காணவில்லை என்ற சொல் உனக்கு அங்கிருந்து வந்தது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நீ அதற்குப் பிறகு கடைக்கு வருகிற எல்லாரையும் அப்படிப் பார்க்க ஆரம்பித்தாய். முகத்தைப் பார்க்கமாட்டாய். நெஞ்சுக்குக் கீழே, வலதுபக்க மூலையில், போஸ்டரில் மறைவுத் தேதி இருக்கிற இடத்தைப் பார்ப்பாய். "மறைவு காணவில்லை" என்பாய். ஏதோ குறை கண்டுபிடித்த குரலில் சொல்வாய்.

நீ அவரை அப்படி வாசித்ததற்கு ஒன்பதாம் நாள் காலை, பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்த செல்லப்பாண்டி எழுந்திருக்கவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். பத்து மணிக்கு அவர் தம்பி படத்தோடு நம் கடைக்கு வந்து நின்றார். நான் அழுதுகொண்டே அடித்தேன். நீ மடியில் இருந்தாய். பெயரை அடித்தேன். தோற்றம் அடித்தேன். மறைவு என்று அடித்து அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டதும், நீ சிரித்தாய், தம்பி. பிறந்ததிலிருந்து நீ சிரித்து நான் பார்த்ததில்லை. பொருந்தாமல் கிடந்த ஒன்று பொருந்திவிட்டது போல, இரண்டு கையையும் தட்டி, "மறைவு" என்று வாசித்துவிட்டு அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தாய். அந்த மனிதர் செருப்பைக்கூட மறந்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலர் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நம் வாசலைக் கடந்தாள். நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு மதியம், மார்க்கையன்கோட்டையிலிருந்து முத்துப்பேச்சி என்ற பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் இடுக்கிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய் இரண்டு வருஷமாக எந்தத் தகவலும் இல்லை. மஞ்சப்பையிலிருந்து அவர் படத்தை எடுத்தாள்.

"ஒங்க மகன் சொல்லுறானாம்ல ஆத்தா. என் கொழுந்தனாருமாரு அவரு செத்துட்டாரு, பொட்ட எடுங்கிறாக. இந்தப் படத்த அவன்கிட்ட ஒரு தடவ காட்டுங்க. இருக்காகளா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும்."

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அவன் போஸ்டரைப் பார்த்துப் பழகிய பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று. சொல்லவில்லை. என் பிள்ளையைத் தேடி ஊர்விட்டு ஊர் வருகிறார்கள் என்ற நினைப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பாதி நானே நம்பினேன். செல்லப்பாண்டியின் தேதியைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு எனக்குள் எதையோ செய்துவிட்டது. படத்தை வாங்கி உன் கையில் கொடுத்தேன். நீ முன்னும் பின்னும் திருப்பி எழுத்தைத் தேடினாய். வெறும் படம், எழுத்தே இல்லை. "மறைவு காணவில்லை" என்றாய்.

முத்துப்பேச்சி தரையில் விழுந்து உன் இரண்டு காலையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் சாமி, என் சாமி" என்று அரற்றினாள். நீ அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாய், அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கடையைத் திறக்க வந்தபோது நாலு பேர் படங்களோடு நின்றிருந்தார்கள். உன் அப்பா பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே இறக்கினார். என்னைத் திட்டவில்லை. "இவனக் கூட்டிக்கிட்டு எங்கனயாவது போ. எழுத்தே இல்லாத எடமாப் பாத்துப் போ" என்றார்.

உன் தாய்மாமன் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். தோட்டத்துக்கு உள்ளேயே ஒரு ஓட்டு வீடு. அங்கே போய்ச் சேர்ந்ததும் காலண்டரைக் கழற்றினேன். உரச் சாக்குகளை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினேன். சோப்பு உறை, மருந்து பாட்டில் லேபிள், தீப்பெட்டி எல்லாம் போயின. "பைத்தியமாத்தா ஒனக்கு? தீப்பெட்டிய என்னத்துக்கு உரிச்சு வச்சிருக்க?" என்று உன் மாமா கேட்டார். என் தோளில் இருந்த சீட்டை எடுத்து வாய்க்கால் தண்ணீரில் விட்டேன். அது ஊறிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பியபோது நீ என்னைத் தாண்டி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா எப்போது வருவாள் என்று பார்த்தாய் என நினைக்கிறேன்.

ஒன்றரை மாதம் உன் வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. சுவரில் விரிசல் இருந்தால் அதன்மேல் விரலை ஓட்டுவாய். சோற்றுப் பருக்கைகளை வரிசையாக வைத்துக் குனிந்து பார்ப்பாய். பிறகு ஒரு முற்பகலில், பழம் வெட்டும் பெண்கள் பந்தலுக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தார்கள். நீ நடுவில் அண்ணாந்து நின்றிருந்தாய். மேலே வளைந்தும் சுருண்டும் பின்னியும் கிடந்த கொடிகளும், அவற்றுக்கு நடுவே வெள்ளை வெயிலும் தெரிந்தன. நீ வாசிக்க ஆரம்பித்தாய். இடப்பக்கமிருந்து வலப்பக்கம் தலையை நகர்த்தி, வரி முடிந்ததும் திரும்ப இடப்பக்கம் வந்து, நிறுத்தாமல் வாசித்தாய். எல்லாம் பெயர்கள். கத்தரிக்கோல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு பெண், "ஆத்தி, எங்கப்பன் பேரு இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கையில் இருந்த குலையைக் கீழே போட்டாள்.

எனக்குத் தெரியும். எல்லாம் நான் அடித்த பெயர்கள். அவள் அப்பாவுக்கும் நான்தான் அடித்தேன். அடித்த வரிசையிலேயே, ஒன்றுகூட விடாமல் வந்தன. செல்லப்பாண்டி வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு பெயரையும் வாசித்தாய். அது என் பெயர். அந்தப் பெயரை உனக்கு நான் எழுதிக் காட்டியதே இல்லை. அம்மா என்று மட்டும்தான் எழுதினேன். எங்காவது ரசீதில் பார்த்தாயோ, ரேஷன் கார்டில் பார்த்தாயோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பந்தலைப் பார்த்தபடி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நீ காத்திருந்தாய். அடுத்து என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஈரமண்ணில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பெண்கள் கிட்டே வரவில்லை. ஏதோ குளிர்ச்சியாக என் கன்னத்தில் பட்டது. உன் விரல். நீ பந்தலை விட்டுவிட்டு வந்து, என் கண்ணுக்குக் கீழே தொட்டு, அந்த விரலை உன் வாயில் வைத்துப் பார்த்தாய். "தண்ணி" என்றாய். போஸ்டர் தமிழ் இல்லை, நாங்கள் பேசுகிற தமிழ். நூறு தடவை வாசித்த சொல்லின் பொருளை அன்றைக்குத்தான் நீ முதன்முதலாகக் கண்டாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய், தம்பி. நெஞ்சை இல்லை, வலதுபக்க மூலையை இல்லை, முகத்தை. புருவம், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாய். என் தோளில் சீட்டு இல்லை. "அம்மா" என்றாய்.

இன்னும் மூன்றரை மாதம் அங்கேயே இருந்தோம். உன் மாமன் பிள்ளைகளோடு வாய்க்காலில் கிடந்தாய், சண்டை போட்டாய், பொய் சொன்னாய். நீ முதல் பொய் சொன்ன நாளில் நான் பாயசம் வைத்தேன். ஊர் திரும்பியபோது சுவரில் எழுத்து இருப்பதே உனக்குத் தெரியவில்லை. ஐந்து வயதில் மற்ற பிள்ளைகளோடு பள்ளிக்குப் போனாய். எழுத்துக் கூட்ட மூன்றாம் வகுப்பு வரை ஆனது. டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் குறை சொன்ன நாட்களில் தலையைக் குனிந்து நின்றேன், வெளியே வந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டேன். நீ அவமானப்பட்டு அழுததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என் இரண்டாவது தப்பு. அந்த அவமானம்தான் இன்று உன் மகள் முன்னால் அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முத்துப்பேச்சியின் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். நாம் தோட்டத்தில் இருந்தபோது, அவள் புருஷன் இறந்துபோனது உறுதி என்று இடுக்கியிலிருந்து ஆட்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். கொழுந்தன்மார் உன் அப்பாவிடமே போஸ்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள், நான் இல்லாததால் அவர் தேனி பிரஸ்ஸிலேயே எழுத்துக் கோத்து அடித்து வந்திருக்கிறார். ஒட்டிய ஒவ்வொரு போஸ்டரையும் அவள் நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறாள். ஊருக்கு வந்த வாரமே அவள் வீட்டைத் தேடிப் போனேன். நெற்றி நிறையப் பொட்டோடு வந்து கதவைத் திறந்தாள். திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சின்னப்பிள்ளை, படத்தில் எழுத்து இல்லாததால் அப்படிச் சொன்னான், தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "ஒங்களுக்கு யாரோ பயங்காட்டி விட்டுருக்காக ஆத்தா. அதான் மாத்திச் சொல்லுறீக" என்றாள். உள்ளே திரும்பி, "நம்ம அய்யாவோட அம்மா வந்திருக்காக" என்று யாரிடமோ சொன்னாள். உள்ளே இரண்டு தட்டு போட்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த ஊர் பஸ்ஸில் சில நேரம் அவளைப் பார்ப்பேன். தலை நரைத்துவிட்டது, பொட்டு அப்படியே இருக்கிறது. "அய்யா நல்லா இருக்காகளா? இன்னும் வாசிக்கிறாகளா?" என்று உன்னைக் கேட்பாள். நல்லா இருக்கான் என்பேன். அவள் இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.

எழுத்து கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதை அடித்த கூலியில்தான் உன்னை வளர்த்தேன். சின்ன வயதில் வாசித்து, சிரித்து விளையாடி, நன்றாக இருக்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். உனக்கு நடந்தது என் பாடத்தால் வந்ததா, உன் இயல்பே அப்படியா என்று எனக்குத் தெரியாது. இந்தக் காலமாக இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன், அன்றைக்கு அது தோன்றவில்லை. நான் சொல்வது இதுதான். குழந்தை உன்னிடம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து மடியில் ஏறினால் படித்துக் காட்டு, அவளே எழுத்தைக் கேட்டால் சொல். வீடியோ எடுக்காதே. யாருக்கும் நடத்திக் காட்டச் சொல்லாதே. சோற்றோடு சேர்க்காதே. உன்னை மக்கு என்றவர்களுக்கு உன் மகளை வைத்துப் பதில் சொல்லாதே. அந்தக் கோபத்தை என்மேல் காட்டு, நான் தாங்குவேன்.

இதுவரை எழுதிவிட்டு உனக்குப் போன் போட்டேன். நீ ஆபீசில் இருந்திருப்பாய், எடுக்கவில்லை. மருமகளுக்குப் போட்டேன்.

"பாப்பா என்னத்தா பண்ணுது?" என்றேன்.

"உக்காந்துருக்கா அத்தை. செவத்தப் பாத்துக்கிட்டு."

"செவத்துல ஏதும் ஒட்டிருக்கியா?"

"இல்லையே. வெறுஞ்செவருதான். ஏன் அத்தை?"

"ஒண்ணுமில்ல. போனக் காதுலருந்து எடுக்காத. அவளுக்குப் பின்னால போயி நின்னு, பேரச் சொல்லிக் கூப்புடு."

அவள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை சிரிப்பு இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் போனில் வந்தது. மூன்றாவது தடவை, அவள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"திரும்பிட்டா அத்தை. சிரிக்கிறா."

"யாரப் பாத்து?" என்று கேட்டேன்.

என்னோடு நீ அந்தத் தோட்டத்தில் இருந்த நாட்கள் முழுவதும் அவள் பதில் வருவதற்குள் எனக்குள் வந்து போயின.

"என்னையத்தான். வேற யாரு இருக்கா இங்கன?" என்றாள். பிறகு, என்னிடம் இல்லை, குழந்தையிடம் சொன்னாள், "வா சாமி, வா, அம்மாகிட்ட வா." எழுந்து நடக்கிற கொலுசுச் சத்தம் கேட்டது. கிட்டே வந்துகொண்டே இருந்தது.

அந்தச் சத்தம் நிற்பதற்குள் போனை வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நாளைக் காலைத் தபாலில் போடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள், பாப்பா தூங்கும்போது, சத்தமில்லாமல்.

அம்மா